சிறிய இடத்தில் அழகிய சாடித் தோட்டம்

உணவுப் பயிர் செய்வதற்கு நிலம் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. எனினும், ஒரு பாத்தி கட்டவும் நிலம் இல்லாத இடங்களிலும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்கும் கீரையும் மிளகாயும் கறிவேப்பிலையும் நாள்தோறும் வேண்டியிருக்கின்றன. கொழும்பு மாநகரின் புதுக்கடைப் பகுதி அத்தகைய இடங்களுள் ஒன்றாகும். 1656ஆம் ஆண்டிற் கொழும்பு முற்றுகையின்போது உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ற் என்பவரின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கும் இப்பகுதி, இன்று நீதிமன்றங்களுக்குப் பெயர் பெற்றது. நீதிமன்றங்களைச் சூழ்ந்த ஒழுங்கைகளில் வீடுகள் சுவரோடு சுவராக நெருங்கி நிற்கின்றன. இத்தகைய நெருக்கமான குடியிருப்புகளுக்குக் கொழும்பில் 'தோட்டம்' என்றே பெயர். ஆனால் அத்தோட்டங்கள் பலவற்றிற் செடி நடுவதற்கு ஒரு முழ மண்ணும் கிடையாது.

இக்குறை சில ஆண்டுகளுக்கு முன்னர் எல்லோராலும் உணரப்பட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20ஆந் திகதி தொற்றுநோய் காரணமாக ஊரடங்கு விதிக்கப்பட்டபோது நகர மக்கள் மரக்கறி வண்டியை எதிர்பார்த்து வாசலில் நின்றனர். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இதற்கிடையில் வயல்களிலும் தோட்டங்களிலும் நேர்ந்த இழப்பைக் கமக்காரர் நன்கறிவர். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டிற்கு முன்னிருந்ததிலும் 94.9 சதவீதம் உயர்ந்திருந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் வீட்டிற் பயிர் செய்யும்பொருட்டு மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை இணங்கியது. விடுமுறை கிடைத்தும், பயிரிட நிலமின்றி இருந்தோர் நகரிற் பலராவர். அவர்களுக்குப் பொருந்தும் வழி சாடித் தோட்டமே.

கமக்காரர் இதனை அறிய வேண்டுவது ஏன்?

முதுமையிலோ, பிள்ளைகளின் படிப்பின் பொருட்டோ, வேறு காரணங்களாலோ, வயலையும் தோட்டத்தையும் விட்டுத் தலைநகரில் வந்து தங்கும் கமக்காரர் பலர். பயிர் செய்து பழகிய கைகள் சும்மா இருக்க மாட்டா. எனவே அவர்கள் கிடைத்த வாளியிலும் தகரத்திலும் மண்ணை நிரப்பிச் செடி நடுகின்றனர். சில கிழமைகளிற் செடி மஞ்சளித்து வாடுகின்றது. 'நகரத்து மண் ஆகாது' என்று சொல்லி அவர்கள் முயற்சியைக் கைவிடுகின்றனர். பெரும்பாலும் குற்றம் மண்ணில் இல்லை. வயலின் முறையைச் சாடியிற் கையாண்டதிலேயே உள்ளது.

நெற்செய்கை நீரைத் தேக்கும் தொழில். வரம்பு கட்டுவதும், சேறடிப்பதும், எலி வளையை அடைப்பதும் நீர் போகாமற் காப்பதற்கே. சாடிச் செய்கை நீரைப் போகவிடும் தொழில். இவ்வொரு வேறுபாட்டை உணர்ந்தால் மற்றவை எளிதில் விளங்கும்.

சாடியினுள் நீர் நிற்கும் முறை

தோட்டத்தில் ஊற்றிய நீர் கீழே உள்ள மண்ணால் இழுக்கப்பட்டு ஆழத்திற்குச் செல்கின்றது. சாடிக்குக் கீழே மண் இல்லை. ஆகவே அடியிலே துளை இருந்தபோதிலும், மண்ணின் கடைசிப் பகுதியில் நீர் நிறைந்த ஒரு படை எப்பொழுதும் எஞ்சி நிற்கும். நீரில் தோய்த்த கழுவும் பஞ்சொன்றைத் தட்டையாகப் பிடித்தால், நீர் வடிந்து ஓரளவில் நின்றுவிடும். அதே பஞ்சை நிமிர்த்திப் பிடித்தால் மேலும் நீர் வடியும். சாடியும் அவ்வாறே. உயரங்குறைந்த சாடியில் ஈரப்படை வேர்களுக்கு அண்மையில் இருக்கும். உயரமான சாடியில் வேர்களுக்குக் காற்றோட்டமுள்ள இடம் கூடுதலாகக் கிடைக்கும்.

சாடியின் அடியிற் கல்லையும் செங்கற்றுண்டுகளையும் நிரப்புதல் பலரது வழக்கம். இதனால் நீர் விரைவில் வடியும் என்பது தவறான எண்ணம். ஈரப்படை கல்லுக்கு மேலே ஏறி நிற்குமேயன்றி மறைந்து போகாது. வேர் பரவும் இடமும் குறையும். துளையின்மேல் ஓர் ஓட்டுத்துண்டை அல்லது தென்னந்தும்பைச் சிறிதளவு வைத்து, மண் வெளியேறாமற் காத்தலே போதும்.

இடத்தை அறிதல்

சாடி வாங்குமுன் வெயிலை அறிதல் வேண்டும். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் வெயில் விழும் இடத்தைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொள்க. கத்தரி, மிளகாய், தக்காளி, பயிற்றை போன்ற காய்தரும் பயிர்களுக்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியால வெயில் வேண்டும். கீரை வகைகளுக்கு மூன்று நான்கு மணித்தியாலம் போதும். வல்லாரையும் ரம்பையும் அரைநிழலிலும் வளரும்.

கொழும்பில் ஏப்பிரல் முதல் வாரத்தின் முடிவில் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே வந்து, பின்னர் வடக்கே சாய்கின்றது. செப்டெம்பர் முதல் வாரத்தின் பின் அது தெற்கே சாய்கின்றது. ஆகவே, வடக்கு நோக்கிய மாடத்திற்கு ஆண்டின் நடுப்பகுதியிலும், தெற்கு நோக்கிய மாடத்திற்குச் செப்டெம்பர் முதல் மார்ச்சு வரையிலும் வெயில் கூடுதலாகக் கிடைக்கும். மார்கழியிற் பார்த்த வெயிலை நம்பி ஆனியிற் பயிரிடுவோர் ஏமாற்றமடைவர். கிழக்கு நோக்கிய இடம் நல்லது. மேற்கு நோக்கிய இடத்திற் பிற்பகல் வெம்மையாற் சாடியின் சுவர் சூடேறி வேர் கருகக்கூடும். அங்கே சாடியின் வெளிப்புறத்திற்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுதல் நன்று.

அடுத்து நோக்க வேண்டியது பாரம். நனைந்த தோட்டமண் ஒரு லீற்றருக்கு ஒன்றரைக் கிலோகிராமுக்கு மேல் நிறை கொள்ளும். 20 லீற்றர்ச் சாடியொன்றைத் தோட்டமண்ணால் நிரப்பினால் அது 30 கிலோகிராமைத் தாண்டும். ஆதலால் மேல்மாடிகளிலும் தொடர்மாடி வீடுகளின் மாடங்களிலும் பாரங்குறைந்த கலவையையே பயன்படுத்தல் வேண்டும். பெரிய சாடிகளைத் தளத்தின் நடுவில் வையாது, சுவரை அண்டி வைத்தல் வேண்டும். பழைய கட்டடமாயின் அதன் உறுதியை அறிந்தவரிடம் கேட்டபின்னரே பாரமேற்றுக. கைபிடிச் சுவரின்மேற் கட்டாத சாடியை ஒருபோதும் வைத்தலாகாது. தென்மேற்குப் பருவக்காற்றில் அது வீழ்ந்தாற் கீழே செல்வோரின் உயிருக்கு ஆபத்து நேரும். பலர் நடக்கும் பொது வழியைச் சாடிகளால் அடைத்தலும், வடியும் நீரைக் கீழ்வீட்டார் உடுப்புக் காயவிடும் இடத்தில் விழவிடுதலும் அயலவரின் மனத்தாங்கலுக்கு இடமாகும்.

சாடிகளைத் தெரிந்தெடுத்தல்

மண்சாடி குளிர்ச்சியானது, ஆனால் அதன் சுவரினூடாகவும் நீர் ஆவியாவதால் அடிக்கடி நீரூற்ற வேண்டும். பிளாஸ்ரிக் வாளி பாரங்குறைந்தது, ஈரத்தைக் காக்கும். அரிசிப் பை, பசளைப் பை ஆகியன மலிவானவை. எனினும் வெயிலில் விரைவில் இற்றுப்போகும். பூச்சிநாசினி, நிறப்பூச்சு முதலியன இருந்த கொள்கலன்கள் உணவுப் பயிருக்கு ஆகா. பழைய ரயர்களின் உட்குழிவில் நீர் தேங்குவதால் அவையும் தவிர்க்கத்தக்கன.

கீரைக்கு 6 அங்குல ஆழம் போதும். மிளகாய்க்கு 10 அங்குலமும், கத்தரி, தக்காளி, பயிற்றை ஆகியவற்றிற்கு 12 அங்குலமும் வேண்டும். ஒவ்வொரு சாடியிலும் அரை அங்குல அகலமான துளைகள் நான்கைந்து இடுக. சாடியை நேரே தரையில் வையாது, மூன்று ஓட்டுத்துண்டுகளின்மேல் உயர்த்தி வைத்தால் நீர் தடையின்றி வடியும், தளமும் பழுதடையாது.

மண்கலவை

மேல்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தென்னந் தும்புத்தூள் ஒரு பங்கு என்னும் கலவை பொதுவாக எல்லாப் பயிருக்கும் ஏற்றது. இவ்வாறு நிரப்பிய 20 லீற்றர்ச் சாடி நனைந்த நிலையிலும் ஏறக்குறைய 23 கிலோகிராமே இருக்கும். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடுமாதலால் இரண்டு மூன்று முறை நல்ல நீரிற் கழுவிப் பிழிந்தபின் பயன்படுத்துக. உமிக்கரி கிடைக்குமாயின் தும்புத்தூளில் அரைவாசிக்குப் பதிலாக அதனைச் சேர்க்கலாம்.

வயலின் களிமண் சாடிக்கு உதவாது. காய்ந்தாற் கல்லாகும், நனைந்தாற் சேறாகும். பழைய நகரத்துத் தெருவோர மண்ணையும் எடுத்தல் கூடாது. ஈயங் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டதாயினும், மண்ணிற் படிந்த ஈயம் எளிதில் நீங்குவதில்லை. பழைய சுவர்களின் நிறப்பூச்சு உதிர்ந்த இடங்களும் அத்தன்மையனவே. மண்ணை அறிந்த தோட்டத்திலிருந்து பெறுதலே நலம்.

அழகுற அமைக்கும் முறை

சாடிகளை வாங்கி வரிசையாக அடுக்கி வைத்தல் தோட்டமாகாது. சிறிய இடத்திற் கண்ணுக்கு எல்லாம் ஒருங்கே தெரிவதால், ஒழுங்கின்மையும் உடனே தெரியும். பின்வரும் முறைகள் பயன்தருவன.

முதலாவது, சாடிகள் ஒரே நிறத்தினவாக இருத்தல் வேண்டும். வாளியும் தகரமும் கலந்திருப்பினும், எல்லாவற்றிற்கும் வெள்ளை அல்லது காவி நிறம் பூசினால் அவை ஓரினமாகத் தோன்றும். கண் சாடியை விட்டுச் செடியை நோக்கும்.

இரண்டாவது, மூன்று உயரங்கள் வேண்டும். உயர்ந்தன சுவரோரத்திலும், நடுத்தரமானவை அவற்றினிடையேயும், தாழ்ந்து படர்வன முன்னாலும் அமைக. கொடியை ஏற்றுவதற்குச் சுவரே ஒரு பாத்தியாகும். நிலம் நாற்பது சதுர அடியாயினும் சுவர் எண்பது சதுர அடி இருக்கலாம்.

மூன்றாவது, நிலைத்திருக்கும் செடிகளையும் வந்துபோகும் பயிர்களையும் பிரித்தறிதல் வேண்டும். கறிவேப்பிலை, செவ்வரத்தை, துளசி, ரம்பை ஆகியன ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பன. தோட்டத்தின் உருவத்தை இவையே காக்கின்றன. கீரையும் மிளகாயும் பயிற்றையும் காலத்தோடு முடிவன. பயிர் முடிந்த சாடி வெறுமையாகக் கிடந்தால் அழகு கெடும். ஆதலால் மறைவான ஒரு மூலையில் இரண்டு மூன்று சிறிய சாடிகளில் நாற்றுகளை எப்பொழுதும் ஆயத்தமாக வைத்தல் வேண்டும்.

நான்காவது, பூவை மட்டும் நம்பாது இலையின் நிறத்தையும் பயன்படுத்துக. செங்கீரையின் சிவப்பும், ரம்பையின் நீண்ட இலையும், கத்தரியின் ஊதாப் பூவும், பழுத்த மிளகாயும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும். பூசைக்குப் பூ வேண்டுவோர் செவ்வரத்தையையும் சங்குப்பூக் கொடியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, கொஞ்சம் இடத்தை வெறுமையாக விடுக. கையெட்டாத செடிக்கு நீர் எட்டாது. நீர் எட்டாத செடி அழகு தராது.

பத்தடி நீள இடத்திற்கு ஒரு திட்டம்

பத்தடி நீளமும் நான்கடி அகலமும் உடைய, வெயில் விழும் ஒரு மாடத்தை உதாரணமாகக் கொள்ளலாம். சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்தைப் பயிருக்கு எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டரை அடியை நடமாட விடுக.

சுவரோரத்தில் 12 அங்குல விட்டமுள்ள 20 லீற்றர்ச் சாடிகள் நான்கும், அவற்றிற்கிடையே 10 அங்குல விட்டமுள்ள 10 லீற்றர்ச் சாடிகள் மூன்றும் வைக்கப்படும். இடப்புறமிருந்து அவற்றின் ஒழுங்கு கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி, துளசி, பயிற்றை, மிளகாய், செவ்வரத்தை என அமையும். இரு கரைகளிலும் நிலையான செடிகள் தூண்கள்போல் நிற்கும். நடுவில் துளசி விளங்கும். சாடிகளுக்கிடையே ஏறக்குறைய ஐந்து அங்குல இடைவெளி காற்றோட்டத்திற்குக் கிடைக்கும். பயிற்றைக்குப் பின்னாற் சுவரில் ஆறடி உயரத்திற்குக் கயிறு கட்டுக.

இவற்றின் முன்னால் இரண்டரை அடி நீளமும் 6 அங்குல அகலமும் 6 அங்குல ஆழமும் உள்ள பெட்டிகள் மூன்று வைக்கப்படும். ஒன்றிற் செங்கீரை, ஒன்றிற் பொன்னாங்காணி, நிழல் கூடிய பக்கத்தில் வல்லாரை. பெட்டிகளின் மூலைகளில் துலுக்கச்செவ்வந்தி ஒவ்வொன்று நட்டால் மஞ்சள் நிறம் தோட்டம் முழுவதையும் இணைக்கும்.

இத்தோட்டத்திற்கு வேண்டிய கலவை ஏறக்குறைய 165 லீற்றர். கலவை அமர்ந்து குறையுமாதலால் மண், கூட்டெரு, தும்புத்தூள் ஆகியவற்றில் ஒவ்வொன்றும் 60 லீற்றர் சேகரித்தல் வேண்டும். நனைந்தபோது மொத்தப் பாரம் ஏறக்குறைய 190 கிலோகிராம். வெறும் தோட்டமண்ணாயின் 280 கிலோகிராமை எட்டும்.

கத்தரியில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயர் தாங்கிய 'திருநெல்வேலி ஊதா' அழகும் பயனும் உடையது. மிளகாயில் மகா இலுப்பள்ளம நிலையத்தின் 'எம்.ஐ. 2' நாடறிந்த இனம். கயிறு கட்ட வசதியில்லாதோர் பற்றையாக வளரும் 'புஷிற்றா' என்னும் பயிற்றையை இடலாம். கீரை விதைத்து மூன்று நான்கு கிழமைகளிற் பறிக்கலாம். இத்தோட்டம் ஒரு குடும்பத்தின் மரக்கறித் தேவை முழுவதையும் நிறைவேற்றாது. ஆயினும் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், கீரை என நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலவாகும் காசை மிச்சப்படுத்தும்.

நீரும் பசளையும்

கொழும்பில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. ஏப்பிரல்–மே மாதங்களிலும் ஒக்டோபர்–நவம்பர் மாதங்களிலும் அது மிகும். எனினும் கூரையின் கீழுள்ள சாடிக்கு மழை எட்டுவதில்லை. விரலை ஓர் அங்குல ஆழத்திற்கு மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரமில்லையாயின் நீரூற்றுக. காய்க்கும் கத்தரிச் சாடிக்கு வெயிற்காலத்தில் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் வேண்டும். அரிசி கழுவிய நீரை இதற்குப் பயன்படுத்தலாம். சவர்க்கார நீரை ஊற்றலாகாது.

ஊற்றும் நீரோடு சத்தும் வடிந்து போவதால், வயலுக்கு இடுவதுபோல் ஒரேயடியாகப் பசளையிடுதல் வீண், வேரும் கருகும். மாதமொருமுறை இரண்டு கைப்பிடி கூட்டெரு மேலே இட்டுக் கிளறிவிடுக. இலை வெளிறினால் 10 லீற்றர் நீரிற் 10 கிராம் யூரியா கரைத்து, ஈரமான மண்ணில் இரு கிழமைக்கொருமுறை ஊற்றலாம். சிறிது சிறிதாக, அடிக்கடி என்பதே சாடிக்குரிய விதி.

பீடையும் நோயும்

நெருங்கிய இடத்தில் அழுக்கணவன், வெள்ளை ஈ, வெண்மூட்டுப்பூச்சி ஆகியன விரைவிற் பரவும். நாள்தோறும் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தல் வேண்டும். தொடக்கத்திலேயே விரலால் நசுக்கியும், நீரைப் பீய்ச்சியும் அகற்றலாம். 50 கிராம் வேப்பம்விதைப் பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடித்து, சிறிதளவு சவர்க்காரம் சேர்த்து மாலையில் விசிறலாம். மக்கள் உறங்கும் அறைக்கு அருகிற் கடுமையான பூச்சிநாசினிகளைத் தெளித்தலாகாது. பற்றீரியா வாடல் கண்ட செடியை மண்ணோடு அகற்றுக. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தன. ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை ஒரே மண்ணில் நடலாகாது. இடையிற் கீரை அல்லது பயிற்றை இடுக.

நுளம்பைப் பற்றிய எச்சரிக்கை

சாடித் தோட்டம் குடும்பத்திற்குக் கேடாக முடியும் வழி ஒன்றுண்டு. அது தேங்கிய நீர். 2017ஆம் ஆண்டு இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளாயினர். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நோயாளர் மிகக் கூடுதலாக இருந்தது மேல் மாகாணத்திலேயே. டெங்கைப் பரப்பும் நுளம்பு வயல்நீரை நாடுவதில்லை. வீட்டைச் சுற்றியுள்ள சிறு கொள்கலன்களின் தெளிந்த நீரையே நாடும். சாடிக்கடியில் வைக்கும் தட்டில் நிற்கும் ஒரு கோப்பை நீரே அதற்குப் போதும். ஏழு முதல் பத்து நாள்களில் முட்டை நுளம்பாகிப் பறக்கும். நீர் வற்றினாலும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

ஆதலால் சாடிக்கடியிற் தட்டு வைக்காதிருத்தலே சிறந்தது. வைக்க நேர்ந்தால் அதனை மணலால் நிரப்புக. அல்லது கிழமைக்கு இருமுறை நீரைக் கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுக. நீர் சேமிக்கும் வாளியை இறுக மூடி வைக்க. கங்குனை ஈரமண்ணில் வளர்க்கலாம். நீர் நிரப்பிய வாளியில் வளர்த்தலாகாது. வெறுஞ் சாடிகளைக் கவிழ்த்து வைக்க. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டத்தின்படி, தன் இடத்தில் நுளம்பு பெருக விடுதல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

கிராமத்துக் கமக்காரருக்கு உள்ள பயன்

நகரத்துச் சாடிக்கு வேண்டியவை கிராமத்திலேயே உள்ளன. வைக்கோலும் மாட்டெருவும் சேர்ந்த கூட்டெரு, உமிக்கரி, தும்புத்தூள், நல்ல மேல்மண், வளமான நாற்று ஆகியன கமக்காரர் கையிலுள்ள பொருள்கள். களத்தில் வைக்கோலையும் உமியையும் எரித்துவிடாது இவ்வாறு பயன்படுத்தினால், முதலிற் சொந்த நிலமும், பின்னர் நகரிலுள்ள உறவினரின் மாடமும் பயனடையும். மிஞ்சியதை விற்கவும் முடியும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வயலில் நீரைத் தேக்குக; சாடியில் நீரை வடியவிடுக.
2. சாடியின் அடியிற் கல் நிரப்பாது, நல்ல கலவையால் முழுவதும் நிரப்புக.
3. வெயிலையும் பாரத்தையும் அறிந்தபின் சாடி வாங்குக.
4. நிலையான செடிகளால் உருவமும், வந்துபோகும் பயிர்களால் உணவும் பெறுக.
5. பசளையைச் சிறிது சிறிதாக அடிக்கடி இடுக.
6. தோட்டத்தில் ஒரு கரண்டி நீரும் தேங்க விடாதிருக்க.

மேலும் விபரம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.